பாங்கியின் வாசற்படி

(திண்டுக்கல்லில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏழை எளியோர் பாங்கியின் உதவியைப் பெறுவது எங்ஙனம் என்பது குறித்துச் சில வார்த்தைகள் சொல்லும்படி சங்கத்தார் நமக்குக் கட்டளையிட்டிருக்கின்றனர். நாம் பொருளாதார சாஸ்திரம் கற்ற பண்டிதரல்லோம். இவ்வூர் வெங்காய மண்டியில் முப்பது வருஷகாலம் தராசு பிடித்தும் பேரேடு எழுதியும் பிழைத்தவர்களே யாவோம். ஆதலின், கண்ணாற் கண்டதைச் சொல்லி, அதற்கு வேண்டிய சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்வோம். குற்றங் களைந்து குணங் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, நமது மண்டியில் வெங்காயம் எடுத்துத் தெருத் தெருவாய் விற்கும் அம்மாள் ஒருவர் நம்மிடம் வந்து தயங்கி நின்றார். "அண்ணாச்சி, இன்னைக்குத் தண்டலுக்கு நூறு ரூபாய் குறையுது. சாயந்தரம் கொண்டாந்து கொடுத்துடுறேன்" என்றார். நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, அந்தத் தண்டலின் விவரம் என்னவென்று கேட்டோம். அவர் சொன்ன கணக்காவது: கடன் 10,000 ரூபாய் என்று பேச்சு. கையில் வந்தது 8,500 ரூபாய். பிடித்துக்கொண்ட 1,500 ரூபாய் முன்வட்டி. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் 10,000 ரூபாயும் கட்டித் தீர்க்கவேண்டும். தீர்ந்த மறுநாள் அடுத்த தண்டல் தொடங்கும். இவ்வாறு பதினோரு வருஷமாக நடந்து வருகிறதாம்.

சபையோரே! வியாபாரிகளாகிய நாம் இக்கணக்கைச் சற்றே நிறுத்துப் பார்ப்போம். அவ்வம்மாள் நாள்தோறும் கட்டி வருவதால், நூறு நாளைக்குச் சராசரியாக அவர் கையில் நிற்கும் கடன் 4,250 ரூபாயளவே. அதற்கு 1,500 ரூபாய் வட்டியென்றால், வருஷத்துக்கு நூற்றுக்கு நூற்றிருபதுக்கு மேலாகிறது. அதே தொகையை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் பாங்கி கொடுத்து, அதே விதமாகத் திருப்பி வாங்கினால், நூறு நாள் வட்டி ஏறக்குறைய 140 ரூபாய். அவர் கொடுப்பதோ 1,500. வருஷத்துக்கு மூன்று தண்டல் என்றே வைத்துக்கொண்டாலும், பதினோரு வருஷத்தில் வட்டியாகச் சென்றது 49,500 ரூபாய். இவ்வளவும் ஒரே 8,500 ரூபாய் முதலுக்காக! அந்தப் பணம் அவர் வீட்டில் தங்கியிருக்குமாயின் மகளின் படிப்புக்கு ஆயிருக்கும். ஒழுகும் கூரைக்கு ஆயிருக்கும்.

"ஏம்மா, பேங்குல கணக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டோம். "இருக்குது அண்ணாச்சி, பரண் மேல தகரப்பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். மறுநாள் கொண்டுவந்து காட்டினார். அது 2014-ம் வருஷத்தில் தொடங்கிய பாஸ்புத்தகம். முதற் பக்கத்தில் பெயரும் நிழற்படமும். அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி. மற்றைப் பக்கங்களெல்லாம் வாங்கிய நாளில் இருந்தபடியே வெள்ளையாக இருந்தன.

அவரை அழைத்துக்கொண்டு பாங்கிக்குச் சென்றோம். கண்ணாடிக் கதவின் வெளியே, கோயில் வாசலிற்போலத் தமது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவ்வம்மாள் உள்ளே நுழைந்தார். உத்தியோகஸ்தர் கடுஞ்சொல் யாதும் சொல்லவில்லை. அவர்முன் முப்பது பேர் காத்திருந்தனர். கணக்கு நெடுநாள் வரவு செலவின்றிச் செயலற்றுப் போயிற்று, அடையாளப் பத்திரங்களை மீண்டும் தரவேண்டும், கடனென்றால் வேறு விசாரணை உண்டு, இந்தத் தாளைப் பூர்த்தி செய்து வாருங்கள் என்றார். தாளில் பாதி ஆங்கிலம். "வேறென்ன வேண்டும், அம்மா?" என்று அவர் கேட்டபோது, "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லி அவ்வம்மாள் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அன்று மாலையும் தண்டல்காரர் வந்தார். அவர் தாள் கேட்கவில்லை, வரிசையில் நிறுத்தவில்லை, அவ்வம்மாளைப் பெயர் சொல்லி அழைத்தார்.

அந்தச் செருப்புத்தான் அன்றுமுதல் நமது மனத்தை உறுத்திக் கொண்டிருக்கிறது. பாங்கியின் கதவு திறந்தே இருக்கிறது. வாசற்படியோ ஏழைக்கு உயரமாயிருக்கிறது. நாம் இன்று சொல்ல வந்தது இவ்வளவே.

நிற்க. இவ்வாசற்படி ஒரு காலத்தில் நமது முன்னோருக்கும் உயரமாகவே இருந்தது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என்னும் ஊர்களில் வியாபாரத்திற் புகுந்த நமது குலத்தார், வழிப்பறிக்கு அஞ்சி, வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாய்த் தங்குதற்குப் பேட்டைகளை அமைத்தனர். விற்கும் சரக்குக்கும் வாங்கும் சரக்குக்கும் தமக்குத் தாமே ஒரு சிறு வரி விதித்துக்கொண்டனர். அதுவே மகமை. அரசன் விதித்த வரியன்று. உறவின்முறையார் ஒருவரையொருவர் நம்பிக் கொடுத்த வரி. அதிலிருந்தே கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் தாய்மார்கள் பிடியரிசி எடுத்து வைத்ததும், அந்தப் பள்ளியிலே காமராஜர் படித்ததும் நீங்கள் அறிந்ததே. ஒரு கைப்பிடி அரிசி ஒரு வீட்டுக்குப் பெரிதன்று. ஊரார் கைப்பிடி ஒன்றுசேர்ந்தபோது பள்ளிக்கூடமாயிற்று.

இங்ஙனம் சேமிக்கக் கற்ற குலத்துக்கும் பாங்கி எட்டாததாகவே இருந்தது. சென்னை ராஜதானியின் பெரிய பாங்கி, துரைத்தனத்தின் கணக்கையும் வெள்ளையர் கம்பெனிகளின் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்தது. 1906-ம் வருஷம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது பலருடைய ஆயுட்காலச் சேமிப்பு ஒரே நாளில் மண்ணாயிற்று. அந்த அடியிலிருந்தே, நம்மவர் பாங்கியை நம்மவரே நடத்தவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, மறுவருஷமே இந்தியன் பாங்கி தோன்றியது. அதற்கு முன்னரே 1904-ல் கும்பகோணத்திலும், பின்னர் 1916-ல் கரூரிலும் உள்ளூரார் பாங்கிகளை நிறுவினர்.

1910-ம் வருஷம் பொறையாற்றில் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது. 1920-ல் தூத்துக்குடியில் கூடிய அச்சங்கத்தின் ஆண்டு விழாவில், நமக்கென ஒரு பாங்கி வேண்டும் என்னும் யோசனை எழுந்தது. 1921-ம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி நாடார் பாங்கி பதிவாயிற்று. அதே வருஷம் நவம்பர் 11-ந் தேதி தூத்துக்குடி தெற்கு ராஜா வீதியில் அது திறக்கப்பட்டது. எம். வி. ஷண்முகவேல் நாடார் அதன் முதல் தலைவர். சென்னை, பம்பாய், வங்காளத்துப் பெரிய பாங்கிகள் மூன்றும் இணைந்து இம்பீரியல் பாங்கியாகியதும் அந்த 1921-ம் வருஷமே. அந்த மலைக்கு எதிரே இது ஒரு கடுகு.

ஆயினும் கடுகு முளைத்தது, மெல்ல முளைத்தது. 1937-ல் கொழும்பில் ஒரு கிளை திறந்து 1939-ல் மூடவேண்டியதாயிற்று. நாடு சுதந்திரம் பெற்ற 1947-ல் அதற்கிருந்த கிளைகள் நான்கே: தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர். நமது திண்டுக்கல் அந்நான்கில் இல்லை. இவ்வூரார் மதுரைக்கே செல்லவேண்டும். 1962-ம் வருஷம் நவம்பரில் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கி என்று பெயர் மாறியது. குலத்தின் பெயரால் பிறந்தது நாட்டின் பெயரால் வளர்ந்தது. இப்பெயர் மாற்றத்தை நஷ்டமாக எண்ணுவோர் நம்மிற் சிலர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. நமது பெரியோர் ஏறுவதற்குக் கட்டிய படியில் பிறரும் ஏறுவரேல் படி தேய்வதில்லை.

இனி, இத்தகைய முயற்சி நமக்கு மட்டுமே உரியதென்று பெருமை பேசுவதும் தகாது. ஜெர்மனி தேசத்தில் ரைபைஸன் என்னும் கிராமத் தலைவர், லேவாதேவிக்காரரிடம் சிக்கிய குடியானவர்களைக் கண்டு மனமிரங்கி, 1864-ல் ஒரு கடன் சங்கத்தை நிலைப்படுத்தினார். ஒரே ஊரார், ஒருவரையொருவர் அறிந்தோர், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு என்பதே அதன் தத்துவம். சென்னை ராஜதானியில் பிரெடரிக் நிக்கல்ஸன் துரை இதனை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் என்னுங் கிராமத்தில் அவ்வருஷமே சங்கம் ஏற்பட்டது. நமது காலத்தில் வங்காள தேசத்தில் முகம்மது யூனுஸ் என்பார் 1976-ல் ஒரு சிற்றூரில் ஏழைப் பெண்களுக்கு ஈடின்றிக் கடன் கொடுக்கத் தொடங்கினார். அதுவே 1983-ல் கிராமீண் பாங்கியாயிற்று. நமது தேசத்தில் 1992-ல் நபார்டு பாங்கி, 500 சுய உதவிக் குழுக்களைப் பாங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியங்களும் இவ்வழியே வளர்ந்தவை.

ரைபைஸன் வைத்த ஈடு யாது? நமது உறவின்முறை வைத்த ஈடு யாது? நிலமன்று, நகையன்று. "இவரை நாம் அறிவோம்" என்னும் ஒரு வாக்கே அது. பாங்கியின் பேரேட்டில் இல்லாததும் ஊரார் நெஞ்சில் இருப்பதும் அவ்வாக்கே.

இக்காலத்தில் துரைத்தனத்தார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 1969-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி பெரிய பாங்கிகள் பதினான்கு தேசவுடைமையாயின. 2014-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி ஜன்தன் திட்டம் தொடங்கியது. அதன்கீழ்த் திறந்த கணக்குகள் இன்று ஐம்பது கோடிக்கு மேல். அக்கணக்கில் இருப்புத் தொகை வேண்டியதில்லை. ஒழுங்காக நடத்தி வருவோர்க்குத் தகுதி பார்த்து 10,000 ரூபாய்வரை மேல்வரைக் கடனும் உண்டு. தெரு வியாபாரிகளுக்கென 2020-ல் தோன்றிய ஸ்வநிதித் திட்டத்தில் முதற்கடன் 10,000 ரூபாயாக இருந்தது. தவணை தவறாதார்க்கு வட்டியில் சலுகையும் அளித்தனர். நமது வெங்காயக்கார அம்மாள் தண்டலில் வாங்கியதும் அதே 10,000 ரூபாயே என்பதைக் கவனியுங்கள்! ஆனால் அவர் அத்திட்டத்தின் பெயரையும் கேட்டதில்லை. 2021-ல் உலக பாங்கி எடுத்த கணக்குப்படி, இந்தியாவில் கணக்கு வைத்திருந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒரு வருஷமாக அதனைத் தொடவேயில்லை. தகரப்பெட்டியில் உறங்கும் பாஸ்புத்தகம் ஒன்றன்று, கோடிக்கணக்கில் என்பது இதனால் விளங்கும்.

நமது திண்டுக்கல் சமவெளியை நோக்குவோம். நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறிக்கும் பெண்கள், சின்னாளபட்டித் தறிக்காரர், ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை சுமப்போர், வேடசந்தூர்ப் பக்கத்து நூல் ஆலைத் தொழிலாளர், இவ்வூர்த் தோல் பதனிடும் தொழிலாளர் ஆகிய இவரெல்லாம் நாள்தோறும் பணம் கையாள்வோர். திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றுப் புகழடைந்தது. கையால் அப்பூட்டுச் செய்யும் பட்டறைக்காரர் தொகையோ குறைந்துகொண்டே வருகிறது. பிறர் பெட்டிக்குப் பூட்டுச் செய்யும் கைக்குத் தன் பணத்தைப் பூட்டி வைக்க இடமில்லை. இரும்பு வாங்க முதல் வேண்டுமென்றால் மீட்டர் வட்டிக்காரரே துணை.

அத்துணையின் முடிவு எதுவாகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2017-ம் வருஷம் அக்டோபர் மாதம் திருநெல்வேலி ஜில்லா கலெக்டர் கச்சேரி வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாது, ஒரு கூலித் தொழிலாளி தம் மனைவியோடும் இரு சிறு பெண் குழந்தைகளோடும் தீக்கிரையானார். அந்த அக்கிரமத்தைத் தடுக்க 2003-லேயே சட்டம் இருந்தது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் மற்றொரு சட்டமும் வந்தது. சட்டம் வேண்டுவதே. ஆயினும் கடன் வாங்கப் போக்கிடம் இல்லாதவன் சட்டத்தைத் தேடிப் போவதில்லை. தண்டல்காரரையே தேடிப் போகிறான்.

இனிச் சொல்லப் போவது நமக்கும் உங்களுக்கும் கசப்பானது. பொறுத்தருள்க. இவ்வூரில் தண்டல் விடுவோர் யாவர்? எங்கிருந்தோ வந்தவர் அல்லர். பல ஜாதியாரும் உண்டு, நம்மவரும் உண்டு. இந்தச் சபையில் முன்வரிசையிலேயே உண்டு. நாமும் இருபது வருஷத்துக்குமுன் மண்டியில் மிஞ்சிய பணத்தைச் சில காலம் இவ்விதம் விட்டு வாங்கினோம். அக்காலத்தில் அதனைப் பாவமென்று எண்ணவில்லை. அவசரத்துக்கு உதவுகிறோம் என்றே எண்ணினோம். கொடுத்தவர் கணக்கில் அது உதவி. வாங்கினவர் கணக்கில் அது என்னவென்று நாம் எழுதிப் பார்த்ததில்லை. அவ்வம்மாள் சொன்ன 49,500 ரூபாயைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் நமது பழைய பேரேடு நினைவுக்கு வந்து தலைகுனிந்தோம். மகமை கொடுத்து வளர்ந்த குலம், தெருவில் வெங்காயம் விற்பவளிடம் நூற்றுக்கு நூற்றிருபது வாங்குமாயின், பேட்டைக்கு வெளியே நின்ற வழிப்பறிக்காரனுக்கும் நமக்கும் வேற்றுமை என்ன?

ஆதலின் இச்சங்கத்தார் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது: ஞாயிற்றுக்கிழமைதோறும் நமது மண்டபத்தில் ஒரு மேஜையும் எழுத்தறிந்த இளைஞர் இருவரும் இருக்கட்டும். செயலற்ற கணக்கை உயிர்ப்பித்தல், மனுவைத் தமிழில் விளக்கிப் பூர்த்தி செய்தல், தெரு வியாபாரிக்கு மாநகராட்சியிலிருந்து சான்று பெறுதல் ஆகிய இம்மூன்றுமே வேலை. திங்கட்கிழமை ஒருவர் கூடச் சென்று பாங்கியின் உள்ளே பக்கத்தில் உட்காரவேண்டும். செருப்போடு உள்ளே போகலாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இதற்காகும் செலவு மகமையில் ஒரு பிடியரிசியே.

இரண்டாவது: சங்கம் தானே பாங்கியாக முயலலாகாது. பொதுமக்களிடம் டெப்பாசிட்டு வாங்கிக் கடன் கொடுப்பதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை மீறியும், ஆசை காட்டியும் பணம் திரட்டி ஓடிய நிதிக் கம்பெனிகளால் அழிந்த குடும்பங்கள் பல. 1997-ல் தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்ததே அதனால்தான். பாங்கியிலோ ஒருவருக்கு ஐந்து லக்ஷம் ரூபாய்வரை டெப்பாசிட்டுக்கு 2020 முதல் காப்பு உண்டு. ஆகவே நாம் செய்யத்தக்கது யாதெனில், ஒரே வரிசையில் கடை போடும் பெண்கள் பத்துப் பதினைந்து பேரைக் குழுவாகச் சேர்த்து, வாரந்தோறும் சிறு தொகை சேமிக்கச் செய்து, ஆறு மாதக் கணக்கைத் துப்புரவாக எழுதிக் கொடுத்துப் பாங்கியின் முன் நிறுத்துவதே. ரைபைஸன் செய்ததும் இதுவே. நமது உறவின்முறை அறிந்ததும் இதுவே.

மூன்றாவது: அம்மேஜைக்கு வருவோரின் ஜாதியைக் கேட்கலாகாது. நம் குலத்து ஏழையும் வரட்டும். சக்கிலியர் தெருவிலிருந்தும் வரட்டும். தோல் ஷாப்பு முஸ்லிம் சகோதரரும் வரட்டும். நாடார் பாங்கி 1962-ல் எந்தக் காரியத்தைச் செய்ததோ, அதனை நமது மண்டபமும் செய்யட்டும். தண்டல் விடும் நம்மவர், புதுத் தண்டல் கொடுப்பதை நிறுத்தி, பழைய பாக்கியில் முன்வட்டியைக் கழித்துக்கொள்ள இசைவாரேல், அவர் பெயரைச் சங்கம் நன்றியோடு குறித்துக்கொள்ளட்டும். முதற் பெயராக நமது பெயரையே எழுதிக்கொள்ளலாம். இருபது வருஷத்துக்குமுன் வாங்கிய முன்வட்டியைத் திருப்பிக் கொடுக்க அவர்களுள் பலர் இன்றில்லை. அதற்கீடாக, அம்மேஜையின் முதல் வருஷச் செலவை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

அவ்வம்மாளின் கதை என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். நாம் மீண்டும் இருமுறை கூடச் சென்றோம். கணக்கு உயிர் பெற்றது. மூன்றாம் முறை அவர் செருப்பைக் கழற்றவில்லை. அவர் வரிசையில் உள்ள பன்னிரண்டு பெண்கள் சித்திரை முதல் வாரம் ஐம்பது ரூபாய் வீதம் சேர்த்து வருகின்றனர். ஆனால் தண்டல் இன்னும் முடியவில்லை. ஆறு மாதம் நிறையும்வரை பாங்கிக் கடன் வாராது. அதுவரை விடியற்காலையில் நூறு ரூபாய் தேடத்தான் வேண்டும். நமது சங்கம் இன்று தீர்மானிக்காத ஒவ்வொரு மாதமும் இவ்வூரில் இத்தகையோர் எத்தனை பேரிடமிருந்தோ ஏறக்குறைய நானூற்றைம்பது ரூபாய் வீதம் எடுத்துக்கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தூத்துக்குடியில் 1920-ல் கூடிய பெரியோர் முன்னும் இத்தகைய யோசனையே வைக்கப்பட்டது. அவர்கள் மறுவருஷமே அதனைக் காரியமாக்கிக் காட்டினர். நாம் கேட்பது பாங்கியன்று. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம். அடுத்த கூட்டத்துக்குள் அம்மேஜையைப் போடுவோமாக.